பரிசுப் பணம் யாருடையது? ஒரு பழைய சட்ட விவாதமும் கல்லூரி மைதானமும்

பெங்களூரில் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளின் அறிவிப்புகளைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு வரிகள் பழகிப்போனவை. ஒன்று, அணிக்கு இவ்வளவு என்னும் நுழைவுக் கட்டணம். மற்றொன்று, வெல்லும் அணிக்கு இவ்வளவு என்னும் ரொக்கப் பரிசு. இரண்டாம் வரியின் பணம் முதல் வரியிலிருந்து வருகிறதா, வேறொருவர் கொடுக்கிறாரா என்று நாம் கேட்பதில்லை. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளின் இஸ்லாமியச் சட்ட அறிஞர்களுக்கு அதுவே அடிப்படைக் கேள்வியாக இருந்தது.

விவாதத்தின் மூலம் அபூ ஹுரைரா வழியாக வந்த ஒரு நபிமொழி. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றைத் தவிர வேறெதிலும் 'ஸபக்' இல்லை என்பது அதன் கருத்து. இங்கே மொழியியல் குறுக்கிடுகிறது. 'ஸபக்' என்றால் வெல்பவருக்காக வைக்கப்படும் பரிசு. 'ஸப்க்' என்றால் முந்துதல், அதாவது போட்டியே. குறியீடற்ற அரபு எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். தமிழில் எழுதினால் ஒரு புள்ளிதான் வேறுபாடு. புள்ளியோடு படித்தால் இம்மூன்றைத் தவிர எல்லாப் போட்டிகளும் விலக்கப்படும். புள்ளியின்றிப் படித்தால் போட்டிகள் இருக்கலாம். பரிசுப் பணத்துக்கு மட்டுமே எல்லை. பொ.ஆ. 998இல் மறைந்த அல்-கத்தாபி இரண்டாவது வாசிப்பே சரியான அறிவிப்பு என்றார். அந்த எல்லையிலும் கருத்து வேறுபாடு இருந்தது. ஹனஃபி அறிஞர்கள் ஓட்டப் பந்தயத்தையும் பரிசுக்குரிய பட்டியலில் சேர்த்தனர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மரபின் வலுவான கருத்து அதை ஏற்கவில்லை.

அடுத்த கேள்வி, பரிசை யார் வைப்பது என்பது. பொ.ஆ. 820இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ 'அல்-உம்மு' நூலில் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஆட்சியாளரோ போட்டியில் இல்லாத வேறொருவரோ பரிசு கொடுத்தால் தடையில்லை. போட்டியாளர் இருவரில் ஒருவர் மட்டும் பணம் வைத்தாலும் ஏற்கலாம். இருவரும் வைத்து, வென்றவர் அள்ளிக்கொள்வது என்றால் அது சூதாகிவிடும். ஏனெனில் ஒவ்வொருவரும் பெறுவது அல்லது இழப்பது என்னும் நிலையில் நிற்கிறார்.

இந்த மூன்றாம் நிலைக்கு ஒரு வழி சொல்லப்பட்டது. பணம் எதுவும் வைக்காத மூன்றாவது குதிரைவீரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது. அவர் வென்றால் இரு பங்கையும் பெறுவார். தோற்றால் அவருக்கு இழப்பில்லை. அவருக்குப் பெயர் 'முஹல்லில்', அதாவது ஹலால் ஆக்குபவர். மதீனாவின் ஸயீத் இப்னுல் முஸய்யப் இதை அனுமதித்ததாக மாலிக்கின் 'முவத்தா' பதிவு செய்கிறது. ஆனால் அந்தக் குதிரை உண்மையிலேயே வெல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நொண்டிக் குதிரையை நிறுத்திச் சட்டத்தை ஏமாற்ற முடியாது. அப்படியிருந்தும், அதைப் பதிவுசெய்த மாலிக்கே இந்த வழியை ஏற்கவில்லை. மூன்றாமவர் வந்தாலும் முதல் இருவரின் பணம் முன்போலவே ஆபத்தில் இருக்கிறது என்பது இதற்கெதிரான எளிய வாதம்.

இந்திய நீதிமன்றங்கள் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டன. அதன் தொடக்கத்திலும் பெங்களூர் இருக்கிறது. இங்கிருந்து வெளிவந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' இதழின் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி தொடர்பான ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறமை மேலோங்கினால் அது தொழில், தற்செயல் மேலோங்கினால் சூது என்னும் அளவுகோல் நிலைபெற்றது. 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது என்றானது. 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்த 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை இதே அளவுகோலைக் கொண்டு நீக்கியது.

இந்த அளவுகோலுக்கு ஒரு குறை உண்டு. ஒரு விளையாட்டு திறமையைச் சார்ந்தது என்பதால், பணம் கட்டிய மாணவருக்கு அத்திறமை இருக்கிறது என்றாகாது. தற்செயலான ஆட்டத்தில் புதியவருக்கும் எப்போதாவது வெற்றி கிடைக்கலாம். திறமை மேலோங்கும் ஆட்டத்தில் திறமை குறைந்தவரின் இழப்பு ஏறக்குறைய உறுதி. விடுதி அறையில் மாதச் செலவுப் பணத்தை வைத்து ஆடுபவருக்குச் சட்டத்தின் 'திறமை' என்னும் சொல் எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் இந்த இடத்தில்தான் திரும்புகிறது. திறமையா தற்செயலா என்று பாராமல், வெல்லும் எதிர்பார்ப்போடு பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை அது தடைசெய்கிறது. மின்விளையாட்டுப் போட்டிகளில் நுழைவுக் கட்டணத்தையும் பரிசுத் தொகையையும் அனுமதிக்கிறது. பந்தயப் பணத்தை அனுமதிக்கவில்லை. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றுள்ளன. ஃபிக்ஹிலிருந்து இச்சட்டம் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்விக்கு வேறொரு பாதையில் அது வந்து சேர்ந்திருக்கிறது என்பதே என் கருத்து.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு இக்கேள்வியைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. அங்கே ஒளிபரப்பு வருமானம் பல்கலைக்கழகங்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சென்றது. விளையாடிய மாணவர் மட்டும் 'அமெச்சூர்' என்னும் பெயரால் ஊதியமின்றி இருந்தார். 2018இல் விளையாட்டுப் பந்தயத்துக்கான கூட்டாட்சித் தடை நீங்கியபோது, பல மாநிலங்களில் அவருடைய ஆட்டத்தின்மீது பார்வையாளர் சட்டப்படி பணம் கட்ட முடிந்தது. கல்லூரிகள் அவருக்கு நேரடியாகப் பணம் தர 2025இல்தான் வழி பிறந்தது. பழைய அறிஞர்களின் கணக்கில் மிகத் தூய்மையான பணம், வெளியார் ஒருவர் போட்டியாளருக்குக் கொடுக்கும் பரிசு. ஓடாதவர் கட்டும் பந்தயத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஆனால் 'வெளியார்' என்ற சொல்லோடு விசாரணை முடிந்துவிடாது. 2023 முதல் 2025 ஆகஸ்ட் வரை இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த பெயர் ட்ரீம்11. அந்த விளம்பரப் பணம் வெளியாருடையதுதான். அது திரண்டதோ பல்லாயிரம் சிறு கட்டணங்களிலிருந்து. ஆகவே ஒரு படி பின்னே சென்றும் கேட்க வேண்டும்.

நம் கல்லூரிகள் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம் மைதானத்துக்கும் நடுவருக்கும் பந்துக்கும் செலவாகட்டும். பரிசு வேறொரு கணக்கிலிருந்து வரட்டும், கொடுப்பவர் பெயரோடு. அடுத்த போட்டி அறிவிப்பில் அந்த மூன்றாவது வரியையும் அச்சிடலாம்.