நொட்-பொட் ஆங்கிலம்

ஆங்கிலத்தின் சில உயிரொலிகளைப் பிரித்து உச்சரிக்காதோரைச் சுட்ட இலங்கையில் வழங்கும் ஏளனப் பெயர். மண்டபமும் (hall) ஓட்டையும் (hole) இவர்கள் வாயில் ஒரே ‘ஹோல்’. ஆங்கிலம் பேசும் கொழும்பு வீடுகளில் இந்த ஓரொலியை வைத்தே ஆளை எடைபோட்டனர். இந்த வர்க்கப் பிரிவை மொழியாய்வாளர் மனிக் குணசேகர தம் 2005ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்தார்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழோடு கலக்கையில், மன்னாரில் தோட்டவெளி ஊரிலும் கரையெங்கும் ‘கோல்’ (call) எடுப்பதும் ‘ரீச்சர்’ (teacher) என்பதும் இயல்பு. சென்னையில் அவை ‘கால்’, ‘டீச்சர்’. ‘ரீச்சர்’ என்பதன் முதலொலியை ரகரமாக எழுதினாலும், ‘பற்றி’ என்பதில் வரும் றகரத்தைப் போல ஈழத்தமிழர் நுனிநாவைப் பல்லுக்குச் சற்று மேலே ஒற்றியே ஒலிக்கின்றனர். நாவை மடித்துச் சொல்லும் டகரத்தைவிட ஆங்கிலேயர் ஒலிக்கு இதுவே நெருக்கம். இதைக் கேட்டுச் சிரிப்பது அநீதி.

இத்தகைய ஏளனத்துக்கு மாறாக, 2009இல் இலங்கை அரசே ‘நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம்’ என்ற முழக்கத்தை முன்வைத்தது.