தண்டுவட மரப்பு நோய்: முதுமையும் சென்னை வெயிலும்

உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை அரித்துவிடுவது தண்டுவட மரப்பு நோய். நோயாளிகளும் மருத்துவர்களும் ‘எம்.எஸ்.’ என்பார்கள், மூளையை விட்டுவிட்ட தமிழ்ப் பெயர் பாதி நோயைத்தான் சொல்கிறது. 1868-இல் பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம். பல பத்தாண்டுகள் கூடவே வரும்.

இளமையில் திடீரென வந்து தணியும் தாக்குதல்கள் வயது ஏற ஏறக் குறையும்; நடையோ கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று வீட்டார் விட்டுவிடுவதுண்டு. எல்லாப் பழியையும் எம்.எஸ். மேல் போட்டு, சர்க்கரையால் வந்த பாத மரப்பைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு. இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

சென்னையில் இந்நோயாளிக்குப் பெரிய எதிரி வெயில். உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே உறையிழந்த நரம்பில் செய்தி தடைப்படலாம். 1890-இல் இதை விவரித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்டாஃபின் பெயரே இதற்கு. கத்திரி வெயிலில் மயிலாப்பூர் மாட வீதிக்குக் காய்கறி வாங்கப் போனவர் ஒரு காலை இழுத்தபடி திரும்புவார். செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்திருப்பார். மின்விசிறிக்கடியில், கழுத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தால் கால் பழைய நிலைக்கு வரும். இது புதிய தாக்குதல் அல்ல. ஆனால் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை உலராது. உடல் குளிர நேரமாகும். சிறுநீர்த் தொற்றால் வரும் காய்ச்சலும் இதே வேலையைச் செய்யும். வெளியே கழிப்பறை கிடைக்காதென்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பழக்கம் அந்தத் தொற்றுக்கு வழி விடுகிறது.

வெயிலோடு வீதியும் தடைதான். 2023-இல் திறந்த தி.நகர் ஆகாய நடைபாதையில் மின்தூக்கி உண்டு. அதுவரை போய்ச் சேரும் நடைபாதைதான் சிக்கல்.

முதுமையில் எம்.எஸ். மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பது இன்னும் தீராத கேள்வி. 55 வயதைக் கடந்து, ஐந்தாண்டு தாக்குதலின்றி இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நிறுத்துவது தொடர்வதற்கு இணையான பாதுகாப்பு என்று அதனால் நிறுவ முடியவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் எம்.எஸ். நோயும் ஒன்று. பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு பாதிப்பு என்ற சான்றிதழ் தேவை. காலை பத்து மணிக்குத் தானாக நடந்து போய் மருத்துவரிடம் காட்டியவருக்கு, பிற்பகல் இரண்டு மணிக்குப் படியிறங்கப் பேரனின் தோள் வேண்டும். சான்றிதழில் பதிவாவது காலை நேரத்துக் கால்தான்.