விழாவினால் வாழும் நூதனசாலை

நூதனசாலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கண்ணாடிப் பெட்டியும், அதனுள் உடைந்த மட்கலமும், "தொடாதீர்" என்னும் அறிவிப்புமே. ஆண்டு முழுவதும் ஒரே கோலத்தில் இருக்கும் அவ்விடத்துக்குப் பருவம் ஏது, பண்டிகை ஏது? ஆயின் சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமிலே உள்ள ஒரு நூதனசாலைக்குப் பருவந்தோறும் திருவிழா உண்டு. அங்கே தொடங்கிய விழாக்களுள் ஒன்று பின்னாளில் அந்நாட்டின் தேசிய தினமாகவே நிலைபெற்றது. ஸ்கான்சென் என்பது அந்நூதனசாலையின் பெயர். சிறு அரண் என்பது அச்சொல்லின் பொருள். முன்னர் அக்குன்றின்மேல் அரண் ஒன்று இருந்தமையால் வந்த பெயராகும்.

இதனை நிறுவியவர் ஆர்தூர் ஹசேலியஸ் (1833 - 1901) என்னும் மொழியறிஞர். 1872ஆம் ஆண்டிலே அவர் டலார்னா என்னும் உள்நாட்டுப் பகுதிக்குப் பயணஞ் செய்தார். தொழிற்சாலைகளும் புகையிரதப் பாதைகளும் பெருகி, கமக்காரர் இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. பாட்டியின் உடையைப் பேர்த்தி உடுக்கக் கூசினாள். பாட்டனார் செதுக்கிய மரப்பெட்டி மூலையிற் கிடந்தது. ஹசேலியஸ் அவற்றை வாங்கிச் சேர்த்தார். 1873இலே தலைநகரில் ஒரு நூதனசாலையைத் திறந்து, ஆளளவு உருவங்களுக்கு அப்பழைய உடைகளை அணிவித்து, வீட்டுக் காட்சிகளாக அமைத்தார். 1878இல் பாரிஸ் நகரப் பொருட்காட்சியில் அவ்வுருவங்களைக் கண்டோர் வியந்தனர். எனினும் உருவம் உருவந்தானே! அது பேசாது, ஆடாது, அடுப்பு மூட்டாது.

எனவே, வீட்டையே பெயர்த்துக் கொண்டுவரத் துணிந்தார். மூரா என்னும் ஊரின் பழைய மரவீடு உட்படப் பல இடத்து வீடுகள் கழற்றப்பட்டு, குன்றின்மேல் மீண்டும் பூட்டப்பட்டன. 1891 ஒக்ரோபர் 11ஆந் தேதி ஸ்கான்சென் திறக்கப்பட்டது. (நோர்வேயிலே மன்னர் ஒஸ்கார் 1881இலேயே பழைய கட்டடங்களைத் திரட்டத் தொடங்கிவிட்டார், முதன்மை அவருக்கே உரியது. ஆனால் வீட்டோடு வாழ்க்கையையும் கொணர முயன்ற பெருமை ஹசேலியஸுக்குச் சாரும்.) ஊர் உடை தரித்த பெண்கள் வாயிலில் நின்று வருவோரை வரவேற்றனர், கிராமிய நடனங்களும் ஆடப்பட்டன.

வீடுகளை வாங்கப் பணம் வேண்டும். பணத்துக்கு மக்கள் வரவேண்டும். இத்தேவையே விழாக்களைப் பெருக்கிற்று எனலாம். இதனைக் குறையாகக் கூறுவாரும் உளர். தேர்ச்செலவுக்குப் பணம் தண்டிய அனுபவமுள்ள நம்மவர் அவ்வாறு கூறமாட்டார்கள். 1893இலே ஸ்கான்செனில் நிகழ்ந்தவை கவனிக்கத்தக்கவை. குஸ்தாவ் வாசா 1523இல் அரசராகத் தெரிவுசெய்யப்பட்ட யூன் 6ஆந் தேதி அங்கே முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. 1916இல் அது கொடிநாளாயிற்று. 1983இல் தேசிய தினமாயிற்று. 2005இலிருந்து பொது விடுமுறையுமாயிற்று. அதே 1893இல் லூசியா விழாவும் அங்கே எடுக்கப்பட்டது. பழைய நாட்கணக்கின்படி ஆண்டின் மிக நீண்ட இரவு டிசெம்பர் 13. அன்று விடியுமுன் ஒரு கன்னி வெள்ளாடை உடுத்து, எரியும் மெழுகுதிரிகளாலான முடியைத் தலையிற் சூடி வருவாள். நம் கார்த்திகை விளக்கீட்டுக் காலத்தை ஒட்டி வரும் இவ்விழா அன்று மேற்கு மாகாணங்களின் சில வீடுகளில் மட்டுமே வழங்கிய வழக்கம். இன்று நாடெங்கும் பாடசாலைதோறும் நிகழ்கிறது.

வசந்தம் பிறக்கும் ஏப்பிரில் 30ஆந் தேதி இரவு குன்றின்மேல் பெருந்தீ மூட்டப்படும். நடுவேனிலில் இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நாட்டிச் சுற்றியாடுவர். 1903 முதல் நத்தார்ச் சந்தை கூடுகிறது. 1935இலே கோடைமாலைகளில் மக்கள் யாவரும் ஒருங்கு பாடும் நிகழ்ச்சி தொடங்கியது. அங்கே கேட்போர், பாடுவோர் என்ற பிரிவில்லை.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. வடக்கே பனிமான் மேய்க்கும் சாமி இனத்துக் குடும்பங்களையும் கொணர்ந்து, கூடாரத்தில் இருத்தி, பட்டணத்தார் பார்க்க வைத்தனர். விழாவில் கூடியோர் தம் வழக்கத்தைத் தாமே ஆடினர். சாமி மக்களோ பிறர் கண்ணுக்குப் பொருளாயினர். கண்ணாடிப் பெட்டியை உடைக்க முயன்றவர் கைகளே மனிதருக்கு ஒரு பெட்டியைச் செய்தன. பிற்காலத்தார் இதனைக் கண்டித்தது நியாயமே.

ஹசேலியஸ் 1901 மே மாதத்தில் மறைந்து அக்குன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் 1916இலே செக்லோரா என்னும் ஊரிலிருந்து, 1730 அளவில் எழுந்த ஒரு மரத்தேவாலயம் அங்கே பெயர்த்து வரப்பட்டது. ஊரார் புதிய கோயில் கட்டிக்கொண்டமையால் கைவிடப்பட்டது அது. காட்சிப்பொருளாக அதனைப் பூட்டிவைக்கவில்லை. இன்றும் மணமக்கள் அதன் வாயிலில் வந்து இறங்குகின்றனர். உள்ளே திருமணங்கள் நடைபெறுகின்றன.