மக்காசார்: துறைமுக நகரும் சுற்றுவட்டாரமும்

மக்காசார், இந்தோனேசியாவின் தென் சுலாவெசி மாகாணத் தலைநகர். சுலாவெசித் தீவின் தென்மேற்குக் கரையில், அத்தீவையும் போர்னியோவையும் பிரிக்கும் மக்காசார் நீரிணையின் தென்பகுதியில் அமைந்துள்ளது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 14 லட்சத்தைத் தாண்டியது. 1971 முதல் 1999 வரை ஊஜுங் பாண்டாங் என்பதே இதன் அதிகாரப்பூர்வப் பெயர். மக்காசாரியரும் புகிஸ் இனத்தவரும் பெரும்பான்மையினர். தொராஜா, மண்டார், சீன மரபினரும் வாழ்கின்றனர். எல்லா நாட்டுக் கப்பலுக்கும் திறந்திருந்த துறை என்பதால் எழுச்சி பெற்றதும், அதே காரணத்தால் டச்சுக்காரரின் பகையைத் தேடிக்கொண்டதும் இந்நகரின் வரலாறு. இன்று பயணிகள் இங்கே காணும் கோட்டைகள், கல்லறைகள், மரக்கலங்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை அந்த வரலாற்றின் எச்சங்களே.

வரலாறு

கிழக்கே மலுக்குத் தீவுகளில் கிராம்பும் பண்டாத் தீவுகளில் சாதிக்காயும் விளைந்தன. அரிசியோ அங்கே பற்றாக்குறை. தென் சுலாவெசிச் சமவெளிகளில் நெல் மிகுதி. அரிசியை ஏற்றிச் சென்று வாசனைப் பொருள்களுடன் திரும்பும் கப்பல்களுக்கு நடுவழியில் வாய்த்த துறை மக்காசார். 16ஆம் நூற்றாண்டில் கோவா, தல்லோ என்னும் இரட்டை அரசுகள் இதை வளர்த்தன (இந்தியாவின் கோவாவுக்கும் இந்த அரசுக்கும் தொடர்பில்லை). மலாக்கா 1511இல் போர்த்துக்கீசியர் வசமானபின் மலாய் வணிகர் பலர் இங்கே குடியேறினர். 1605இல் கோவா அரசர் இஸ்லாத்தைத் தழுவி சுல்தான் அலாவுதீன் ஆனார். 1613இல் ஆங்கிலேயரும் 1618இல் டேனியரும் பண்டகசாலை அமைத்தனர். மலாக்கா 1641இல் டச்சுக்காரரிடம் விழுந்தபோது போர்த்துக்கீசியரும் இங்கேயே தஞ்சமடைந்தனர்.

அக்கால மக்காசாரின் அறிவுத் தேட்டத்துக்குச் சான்று கோவாவின் தலைமை அமைச்சர் காராயெங் பட்டிங்கல்லோவாங் (இறப்பு 1654). போர்த்துக்கீசியம் உட்பட ஐரோப்பிய மொழிகளை அறிந்த இவர், ஆம்ஸ்டர்டாமில் செய்யப்பட்ட ஒரு பெரிய பூகோள உருண்டையை டச்சுக்காரர் மூலமே தருவித்தார். அது 1651இல் வந்து சேர்ந்தது.

வாசனைப் பொருள் வணிகம் முழுவதும் தமக்கே வேண்டும் என்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலை. இறைவன் நிலத்தைத்தான் மனிதருக்குப் பகிர்ந்தளித்தான், கடல் அனைவருக்கும் பொது என்று கூறி சுல்தான் அலாவுதீன் அதை ஏற்க மறுத்தார். அவர் பேரன் சுல்தான் ஹசனுதீன் காலத்தில், 1666இல் போர் மூண்டது. கோவாவின் மேலாண்மையை வெறுத்த புகிஸ் தலைவர் அருங் பலாக்கா, டச்சுத் தளபதி கோர்னெலிஸ் ஸ்பீல்மனுடன் கைகோத்தார். 1667 நவம்பர் 18இல் கையெழுத்தான பொங்காயா ஒப்பந்தம் பிற ஐரோப்பியரை வெளியேற்றியது. வாசனைப் பொருள் வணிகத்தை டச்சுக்காரரிடம் ஒப்படைத்தது. சண்டை மறுபடி வெடித்து, 1669இல் கோவாவின் சோம்பா ஓபு கோட்டை வீழ்ந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின், 1847இல், டச்சு அரசே மக்காசாரைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தது.

நகருக்குள்

கடற்கரையோரம் நிற்கும் ரோட்டர்டாம் கோட்டை முதலில் கோவா அரசர்கள் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. பொங்காயா ஒப்பந்தத்தின் மூலம் அதைக் கைப்பற்றிய ஸ்பீல்மன் கல்லால் விரிவுபடுத்தித் தன் பிறந்த ஊரின் பெயரைச் சூட்டினார். மேலிருந்து பார்த்தால் கடலாமை வடிவில் இருப்பதால் உள்ளூரார் அதை ஆமைக்கோட்டை என்பர். உள்ளே இருக்கும் லா கலிகோ அருங்காட்சியகம், புகிஸ் மக்களின் நெடுங்காப்பியத்தின் பெயரைத் தாங்கியது. பிராமி மரபில் வந்த லொந்தாரா எழுத்துச் சுவடிகள், படகு மாதிரிகள், நெசவுக் கருவிகள் அங்கே உள்ளன. ஜாவாப் போரில் டச்சுக்காரரை எதிர்த்த இளவரசர் திபோநெகோரோ தம் இறுதி ஆண்டுகளை இக்கோட்டையில் சிறையிருந்து கழித்து 1855இல் இறந்தார். அவர் கல்லறையும் நகருக்குள்ளேயே இருக்கிறது.

சோம்பா ஓபுவின் செங்கல் மதில்களில் சில பகுதிகள் ஜெனெபெராங் ஆற்று முகத்துவாரத்தருகே அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அதே வளாகத்தில் தென் சுலாவெசி இனக்குழுக்களின் மரபு வீடுகளை அமைத்திருக்கிறார்கள். நகரை ஒட்டிய கோவா மாவட்டத்தில் காத்தாங்கா பழைய பள்ளிவாசல், சுல்தான் ஹசனுதீன் கல்லறை, பல்லா லொம்போவா அரண்மனை அருங்காட்சியகம் ஆகியன உள்ளன.

அருகில் லாக்கியூங்கில் உள்ள ஷேக் யூசுப் அடக்கத்தலம் இலங்கையுடன் தொடர்புடையது. கோவாவில் 1626இல் பிறந்த இந்தச் சூஃபி அறிஞரை, ஜாவாவின் பான்தெனில் டச்சு எதிர்ப்பில் ஈடுபட்டதற்காக 1684இல் இலங்கைக்கும், 1694இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கும் நாடுகடத்தினர். அவர் 1699இல் அங்கே மறைந்தார். 1705இல் உடல் எச்சங்கள் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டன. கேப் டவுன் அருகே அவர் வாழ்ந்த இடத்துக்கும் மக்காசார் என்றே பெயர். அங்கும் ஒரு தர்கா இருக்கிறது.

லோசாரி கடற்கரை குளிக்கும் மணற்கரை அன்று. கல் பாவிய நீண்ட உலாச்சாலை. மேற்கு நோக்கியிருப்பதால் சூரியன் மறைவதைக் காண மாலையில் கூட்டம் சேரும். சோம்பா ஓபு தெரு நகைக்கடைகளுக்குப் பேர்பெற்றது.

துறையும் மரக்கலங்களும்

நகரின் வடக்கிலுள்ள பாவோத்தெரே துறையில் பினிசி மரபில் வந்த மரக்கலங்கள் இன்றும் சரக்கேற்றுகின்றன. பினிசி என்பது இரு பாய்மரமும் ஏழு பாய்களும் கொண்ட அமைப்பு. இப்போது பெரும்பாலானவை இயந்திரத்தால் ஓடுகின்றன. விடியற்காலை மீன் சந்தை கூடும் நேரமே இங்கே செல்ல ஏற்றது. தென்கிழக்கே பூலுகும்பா மாவட்டத்தின் தானா பெரு, பிரா, ஆரா ஆகிய ஊர்களில் இக்கலங்களைக் கட்டுகிறார்கள். முதலில் வெளிப்பலகைகளை மர ஆணிகளால் இணைத்து உடலை உருவாக்கிவிட்டு, பிறகே உட்சட்டங்களைப் பொருத்துவது இவர்கள் முறை. 2017இல் யுனெஸ்கோ இக்கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது.

மக்காசார் மாலுமிகள் மேல்காற்றுப் பருவத்தில் ஆஸ்திரேலியாவின் வடகரைக்குச் சென்று கடல் அட்டை பிடித்து, உலர்த்தி, சில மாதங்களுக்குப் பின் திசை மாறிய காற்றில் திரும்பினர். அச்சரக்கு சீனாவுக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டில் செழித்திருந்த இத்தொழிலை ஆஸ்திரேலிய அதிகாரிகள் 1907 வாக்கில் நிறுத்தினர். ஆர்ன்ஹெம் நிலக் கரையில் இன்றும் நிற்கும் புளியமரங்கள் அவர்கள் வழி வந்தவை.

சுற்றுவட்டாரம்

வடகிழக்கே மாரோஸ், பங்கெப் மாவட்டங்களில் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்துக் கோபுரங்களாக எழுகின்றன. இங்குள்ள குகை ஓவியங்கள் உலகின் மிகப் பழையவற்றுள் அடங்கும். கராம்புவாங் குகையில் காட்டுப் பன்றியும் மனித உருவங்களும் உள்ள ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டு பழமையானது என 2024இல் அறிவிக்கப்பட்டது. பயணிகள் எளிதில் சென்று காணக்கூடியது லெயாங்-லெயாங் தொல்லியல் பூங்கா. பாறையில் கை வைத்து நிறம் ஊதிப் பதித்த கைத்தடங்களை அங்கே காணலாம். ரம்மாங்-ரம்மாங்கில் சிறு படகில் குன்றுகளுக்கிடையே ஆற்றுவழி செல்லலாம். பந்திமூருங் அருவி வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெயர்பெற்றது. இயற்கையியலாளர் ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் 1856–57இல் மக்காசாரிலும் மாரோஸிலும் தங்கி மாதிரிகள் சேகரித்தார். ஆசிய விலங்கினங்களையும் ஆஸ்திரேலியச் சார்புடைய விலங்கினங்களையும் பிரிக்கும் வாலஸ் கோடு மக்காசார் நீரிணை வழியாகவே செல்கிறது.

கடலில் ஸ்பெர்மோண்டே தீவுக்கூட்டம் உள்ளது. அதில் சமலோனா போன்ற அருகிலுள்ள தீவுகளுக்குப் படகில் ஒரே நாளில் போய்வரலாம். கிழக்கே மலைவாழிடமான மாலினோ குளிர்ச்சிக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் அறியப்பட்டது. வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள தொராஜா மலைநாடு, வளைகூரை வீடுகளுக்கும் எருமைப் பலியுடன் நடக்கும் பெரும் ஈமச்சடங்குகளுக்கும் புகழ்பெற்றது. சாலைவழி எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆவதால் அதைத் தனிப் பயணமாகக் கொள்வது நல்லது.

உணவு

மாட்டிறைச்சியையும் உள்ளுறுப்புகளையும் நிலக்கடலை, மசாலாவுடன் நெடுநேரம் கொதிக்கவைத்துச் செய்யும் சோத்தோ மக்காசார் நகரின் அடையாள உணவு. ஓலைக்கூட்டில் வேகவைத்த கெதுப்பாட் சோற்றுடன் உண்பர். விலா எலும்புக் குழம்பான கொன்ரோவும் சுட்ட மீனும் பரவலானவை. வாழைக்காயைச் சுட்டு நசுக்கிப் பனைவெல்லப் பாகு ஊற்றித் தரும் பீசாங் எப்பே லோசாரி வண்டிக்கடைகளின் பண்டம். சைவம் உண்போர் காய்கறி உணவிலும் இறால் விழுது சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் கேட்டு வாங்க வேண்டும்.

பயணக் குறிப்புகள்

சுல்தான் ஹசனுதீன் பன்னாட்டு விமான நிலையம் மாரோஸ் எல்லையில், நகர மையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவில் இருக்கிறது. ஜகார்த்தாவிலிருந்து விமானப் பயணம் சுமார் இரண்டரை மணி நேரம். அரசு நிறுவனமான பெல்னியின் கப்பல்கள் ஜாவாவையும் கிழக்குத் தீவுகளையும் மக்காசாருடன் இணைக்கின்றன. நகருக்குள் பெத்தே-பெத்தே எனும் சிறு வேன்கள் குறித்த வழித்தடங்களில் ஓடும். நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். டிசம்பர், ஜனவரியில் கடல் கொந்தளிப்பதால் தீவுப் படகுகள் தடைபடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்கள் குகைகளுக்கும் தீவுகளுக்கும் ஏற்றவை. தொராஜாவில் ஈமச்சடங்குகள் மிகுதியாக நடக்கும் ஜூலை, ஆகஸ்டும் இவற்றுள் அடங்கும்.