ஜியான் ஃபை துணைச்செயலியும் லினக்ஸ் கெர்னல் மதிப்பாய்வும்

ஜியான் ஃபை என்பது இன்டெல் நிறுவனம் 2012 நவம்பரில் அறிமுகம் செய்த பல கோர் துணைச்செயலி. அதற்கான இயக்கி நிரல் (டிரைவர்) 2013-ல் லினக்ஸ் கெர்னலின் பராமரிப்பாளர்களால் மதிப்பாய்வு செய்யப்பட்டு, 2014 ஜனவரியில் வெளியான 3.13 பதிப்பில் இடம்பெற்றது. 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில் அது முழுவதுமாக நீக்கப்பட்டது. ஒரு வன்பொருளுக்கான நிரல் பொதுச்சொத்தாக எப்படி ஏற்கப்படுகிறது, ஏற்றபின் யார் பொறுப்பில் இருக்கிறது, மதிப்பாய்வு எதைப் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பவற்றை இந்த ஏழாண்டுக்கால வரலாற்றில் காணலாம்.

பின்னணி

இன்டெல் முதலில் லாரபி என்ற பெயரில் ஒரு வரைகலைச் செயலியை உருவாக்க முயன்றது. பழைய பென்டியம் கோரின் எளிய வடிவத்தைப் பலவாகப் பெருக்கி ஒரே சில்லில் வைப்பது அதன் அடிப்படை. 2009 டிசம்பரில் அத்திட்டம் சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. ஆனால் அந்தச் சிந்தனை அறிவியல் கணக்கீட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது. அதன் விளைவே ஜியான் ஃபை. முதலில் வந்த 5110பி அட்டையில் 60 கோர்கள் இருந்தன. ஒவ்வொரு கோரிலும் நான்கு இழைகள் ஓடும். 8 ஜிபி நினைவகம் அட்டையிலேயே இருந்தது. ஒரே அட்டை நொடிக்கு ஒரு லட்சம் கோடிக்குச் சற்று மேலான தசமக் கணக்குகளைச் செய்யும் திறன் கொண்டது.

இந்தியாவில் புனேயிலுள்ள சி-டாக் (உயர்நிலைக் கணினி மேம்பாட்டு மையம்) இந்த அட்டைகளை விரைவிலேயே பயன்படுத்தியது. 2013 பிப்ரவரி 8 அன்று அறிமுகமான பரம் யுவா-2 மீக்கணினி ஜியான் செயலிகளோடு ஜியான் ஃபை துணைச்செயலிகளையும் கொண்டது. அதன் உச்சத்திறன் 524 டெராஃப்ளாப் என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாத உலக மீக்கணினிப் பட்டியலில் அது 69-ஆம் இடம் பெற்றது. அதே பட்டியலின் முதலிடத்தில் இருந்த சீனாவின் தியான்ஹே-2 கணினியில் 48,000 ஜியான் ஃபை அட்டைகள் இருந்தன.

அட்டைக்குள் ஒரு கணினி

சாதாரண வரைகலை அட்டை கணினியின் கட்டளைக்குக் காத்திருக்கும் கருவி. ஜியான் ஃபை அப்படியல்ல. அதற்குள்ளேயே தனியாக ஒரு லினக்ஸ் ஓடியது. அட்டையில் வன்தட்டு இல்லை. ஆகவே தாய்க்கணினி அட்டையின் நினைவகத்தில் கெர்னல் கோப்பையும் தொடக்கக் கோப்புமுறைமையையும் எழுதி, பிறகு அட்டையை எழுப்ப வேண்டும். எழுந்தபின் அதற்கு வலையமைப்பு வேண்டும், வட்டு வேண்டும், செய்தி காட்ட ஒரு முனையம் வேண்டும். இவை அனைத்தையும் தாய்க்கணினிதான் கொடுக்க வேண்டும்.

எனவே இரண்டு இயக்கிகள் தேவைப்பட்டன. ஒன்று தாய்க்கணினியில் ஓடுவது, மற்றொன்று அட்டைக்குள் ஓடுவது. இரண்டும் ஒரே கெர்னல் நிரல்தொகுப்பில் அருகருகே உள்ள அடைவுகளில் வைக்கப்பட்டன. ஒரு பக்கம் மாறினால் மறுபக்கமும் மாறியாக வேண்டும் என்பதால் மதிப்பாய்வாளர் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது.

மதிப்பாய்வு

இன்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு எம்பிஎஸ்எஸ் என்ற மென்பொருள் தொகுப்பைத் தனியாக வழங்கிவந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கெர்னலுக்கு வெளியே இருக்கும் இயக்கி ஒவ்வொரு புதிய பதிப்பிலும் உடையும். கெர்னலின் உட்புறச் செயற்கூறுகள் நிலையானவை அல்ல என்பது லினக்ஸின் அறிவிக்கப்பட்ட கொள்கை. உள்ளே இருக்கும் நிரலை மட்டும், மாற்றம் செய்பவரே சேர்த்துத் திருத்துவார். உள்ளே நுழைவதற்கான விலை மதிப்பாய்வு.

2013 ஜூலையில் இன்டெல் பொறியாளர்கள் இயக்கியைப் பல பேட்ச்களாகப் பிரித்துப் பொதுப் பார்வைக்கு அனுப்பினர். சுதீப் தத், அசுதோஷ் தீட்சித் ஆகியோர் பிற்காலத்தில் இதன் பராமரிப்பாளர்களாகப் பெயர் பதிவானவர்கள். இத்தகைய இயக்கிகளுக்கான கிளையை கிரெக் க்ரோ-ஹார்ட்மன், ஆர்ண்ட் பெர்க்மன் இருவரும் பராமரித்தனர். பலமுறை திருத்தி அனுப்பப்பட்ட பின் செப்டம்பரில் அது கிரெக்கின் கிளையில் சேர்ந்தது.

மதிப்பாய்வு என்பது பிழை தேடுவது மட்டும் அன்று. இத்தகைய இயக்கியில் கூர்ந்து பார்க்கப்படுவது கெர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் இடையிலான எல்லை. உட்புற நிரலை நாளை மாற்றி எழுதலாம். ஆனால் பயனர் நிரல் ஒருமுறை நம்பத் தொடங்கிய கோப்பின் பெயரையோ கட்டளையின் எண்ணையோ மாற்றக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதமானவர். அட்டையை எழுப்பவும் நிறுத்தவும் நிலையறியவும் இயக்கி உருவாக்கிய சிஸ்ஃபைஸ் கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்து விளக்கம் வைக்கப்பட்டது இதனால்தான்.

அடுத்தது, இருப்பதைப் பயன்படுத்துவது. மெய்நிகர் கணினிகளுக்காக ரஸ்டி ரஸ்ஸல் உருவாக்கிய விர்ட்டியோ முறை ஏற்கெனவே கெர்னலில் இருந்தது. ஜியான் ஃபை இயக்கி வலையமைப்புக்கும் வட்டுக்கும் முனையத்துக்கும் புதிதாக எதையும் படைக்காமல் விர்ட்டியோவையே பயன்படுத்தியது. அட்டையைத் தாய்க்கணினியின் மெய்நிகர் விருந்தாளிபோல நடத்தியது எனலாம். ரஸ்ஸல் எழுதிய வ்ரிங்எச் என்ற பொதுப் பகுதியும் இதற்கு உதவியது. இதனால் ஒரு நன்மை விளைந்தது. ஜியான் ஃபை அட்டையைக் கண்ணால் பார்த்திராத, ஆனால் விர்ட்டியோவை நன்கறிந்த ஒருவராலும் அந்த நிரலைப் படித்துக் குறை சொல்ல முடிந்தது. விலையுயர்ந்த அரிய வன்பொருளின் இயக்கிக்கு இது சிறிய விஷயமல்ல.

தப்பிய பிழை

இத்தனை கண்களைத் தாண்டியும் ஒரு பிழை உள்ளே இருந்தது. 2016-ல் அது சிவிஇ-2016-5728 என்ற எண்ணில் பதிவானது. 4.6.1-க்கு முந்தைய பதிப்புகளைப் பாதித்தது.

பயனர் நிரல் ஒரு புதிய விர்ட்டியோ கருவியைச் சேர்க்கச் சொல்லும்போது தன் நினைவகத்தில் ஒரு விவரக்குறிப்பை வைத்து அதன் முகவரியைக் கெர்னலுக்குக் கொடுக்கும். கெர்னல் முதலில் விவரக்குறிப்பின் தலைப்பகுதியை மட்டும் நகலெடுத்து, அதில் சொன்ன அளவு வரம்புக்குள் உள்ளதா என்று சோதித்தது. பிறகு அந்த அளவுக்கு இடம் ஒதுக்கி முழு விவரக்குறிப்பையும் மீண்டும் ஒருமுறை பயனர் நினைவகத்திலிருந்து நகலெடுத்தது. அதன்பின் பயன்படுத்தியது இரண்டாம் நகலை. ஆனால் சோதிக்கப்பட்டது முதல் நகல். இடைப்பட்ட நொடித்துணுக்கில் பயனர் நிரலின் இன்னோர் இழை அந்த எண்களை மாற்றிவிட முடியும்.

புழல், மாதவரம் வழியாகத் துறைமுகம் செல்லும் லாரியை எடைமேடையில் நிறுத்திச் சீட்டுக் கொடுத்துவிட்டு, வழியில் சரக்கு மாற்றப்பட்டபின் அதே சீட்டை வைத்து வாயிலைத் திறந்துவிடுவது போன்றது இது. எடை போட்டவரும் சரியாகவே போட்டார், வாயிலில் இருந்தவரும் சீட்டைப் பார்த்தார்.

இரட்டைப் பெறுகை எனப்படும் இவ்வகைப் பிழை கண்ணால் படித்துக் கண்டுபிடிக்கக் கடினமானது. ஒவ்வொரு வரியும் தனியே சரியாக இருக்கும். ஒரே நேரத்தில் வேறொரு கோரில் என்ன நடக்கலாம் என்று கற்பனை செய்தால் மட்டுமே தெரியும். பெங்ஃபெய் வாங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கெர்னல் முழுவதிலும் இந்த வடிவத்தைத் தேடும் கருவியொன்றை உருவாக்கி, இதையும் இதைப் போன்ற வேறு சிலவற்றையும் கண்டறிந்தனர். 2017-ல் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் அவ்வாய்வு வெளியானது. திருத்தம் மிகச் சிறியது. இரு நகல்களின் தலைப்பகுதிகளையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் வேண்டுகோளை மறுத்துவிடுவது.

மதிப்பாய்வாளர்கள் கவனக்குறைவாக இருந்தனர் என்று இதைக் கொள்வது நியாயமல்ல. அதே வடிவம் தொடர்பற்ற பிற இயக்கிகளிலும் இருந்தது. மனிதர் படிப்பது ஒரு வகை, கருவி படிப்பது வேறு வகை. வடிவமைப்பு தவறு என்று கருவி சொல்லாது.

வளர்ச்சியும் நீக்கமும்

2014 முதல் 2016 வரை இயக்கி வளர்ந்தது. நேரடி நினைவக அணுகல், அட்டைகளுக்கிடையே பேசும் ஸ்கிஃப், நிலை மேலாண்மைக்கான காஸ்ம், விர்ட்டியோவுக்கான வாப் என்று பகுதிகள் பிரிந்தன. ஆனால் வன்பொருளின் போக்கு மாறியது. 2015-ல் தியான்ஹே-2-ன் விரிவாக்கத்துக்கு ஜியான் சில்லுகளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா அனுமதி மறுத்தது. 1980-களில் கிரே கணினி மறுக்கப்பட்ட நிலையில் சி-டாக் உருவானதை அறிந்த இந்திய வாசகருக்கு இது புதிய கதையல்ல. சீனா சொந்தமாக மேட்ரிக்ஸ்-2000 முடுக்கியை உருவாக்கி அந்த அட்டைகளை மாற்றியது. 2016-ல் வந்த இன்டெலின் அடுத்த தலைமுறை, துணைச்செயலியாக அன்றித் தானே முதன்மைச் செயலியாக இயங்கக்கூடியது. அதற்கு இந்த இயக்கி தேவையில்லை. பின்னர் அந்த வரிசையையே இன்டெல் நிறுத்தியது.

2020 அக்டோபரில் சுதீப் தத் அனுப்பிய ஒற்றை பேட்ச் முழு இயக்கியையும் நீக்கியது. அதற்குரிய கருவிகள் நிறுத்தப்பட்டுவிட்டன என்பதே அதில் சொல்லப்பட்ட காரணம். அதற்குச் சற்று முன்புவரை என்எக்ஸ்பி நிறுவனப் பொறியாளர்கள் வாப் பகுதியைத் தங்கள் சில்லுகளுக்குப் பயன்படுத்தும் நோக்கில் திருத்தங்கள் அனுப்பிவந்தனர். அவர்களுக்கு இது இழப்புதான். எனினும் சோதித்துப் பார்க்க வன்பொருள் கிடைக்காத நிரலைப் பராமரிப்பாளர்கள் நெடுங்காலம் சுமப்பதில்லை.

5.4 போன்ற முந்தைய நீண்டகாலப் பதிப்புகளில் மட்டும் இயக்கி மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. ரஸ்ஸல் எழுதிய வ்ரிங்எச் நீக்கப்படவில்லை. மெய்நிகர்க் கருவிகளைச் சோதிக்கும் விடிபிஏ பாவிப்பான் அதைப் பயன்படுத்திவருகிறது.