மாறிவந்த பத்தியம்

ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டால், ராயபுரத்துப் பழைய ஆட்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். ஹைதர் அலியுடன் நடந்த போரின் பஞ்சத்தில், 1782-ல் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்தது மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வளர்ந்த வைத்தியசாலைதான் ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கி, 1938-ல் மருத்துவக் கல்லூரியும் ஆனது.

நெஞ்சு கரித்தாலும் புளியேப்பம் வந்தாலும் வீட்டு வைத்தியமும் அதே கஞ்சிதான். காரம், புளி, வறுவல் விலக்கு. பத்தியம் முழுக்கச் சோற்றுத்தட்டோடு முடிந்துவிடும்.

மருந்து வந்ததும் கதை மாறியது. 1915-ல் சிகாகோ மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி, வயிற்றுப்புண்காரர்களுக்கு மணிக்கொரு தரம் பாலும் பாலேடும், நடுநடுவே அமிலத்தை முறிக்கும் பொடியும் கொடுக்கச் சொன்னார். எரிச்சல் தணிந்தது. ஆனால் பாலும் பொடியும் அளவு மீறிச் சேர்ந்தபோது சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பழுதானது. குளிர்ச்சி என்று நம்பிய பாலே மருந்தோடு சேர்ந்து வினையானது.

அந்த நாளில் ஆறாத புண்ணுக்குக் கத்திதான். எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் குடல்புண்ணுக்காகவே ஏராளமான அறுவைகள் செய்தார். பிறகு அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துகள், 1976-ல் சிமெடிடின், 1981-ல் ரானிடிடின், 1988-ல் ஓமெப்ரசோல் என வரிசையாக விற்பனைக்கு வந்தன. புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்பதை ஆஸ்திரேலியர்களான மார்ஷலும் வாரனும் காட்டினார்கள். அறுவைகள் குறைந்தன. நம் ஊர்ப் பேச்சில் இந்த மருந்துகள் எல்லாமே ‘கேஸ் மாத்திரை’ ஆயின.

பத்தியம் இப்போது தட்டிலிருந்து மாத்திரை டப்பாவுக்கு இடம் மாறிவிட்டது. ஓமெப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட வேண்டும். அமிலம் முறிக்கும் டானிக்கைத் தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, டெட்ராசைக்ளின் ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் அவை உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. இதயநோயாளிகள் எடுக்கும் குளோபிடோக்ரலின் வேலையை ஓமெப்ரசோல் மட்டுப்படுத்தும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009-ல் எச்சரித்தது. காசிமேட்டில் வலை இழுத்தவரோ எண்ணூரில் ஷிப்ட் முடித்தவரோ, உடம்பு வலிக்கு வாங்கிப் போடும் மாத்திரை வயிற்றை மறுபடி புண்ணாக்கக்கூடும். கேஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் வருடக்கணக்கில் தொடர்ந்தால் பி12, மெக்னீசியம் குறையலாம்.

ரானிடிடினும் தப்பவில்லை. புற்றுநோய் ஆபத்துள்ள மாசு அதில் இருப்பது 2019-ல் தெரியவந்தது. மறு ஆண்டே அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கியது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அதன் பெயர் நீங்கியது.