விமானக் கூண்டிலிருந்து விழிக்குள்

1940 ஆகஸ்ட் 15. இங்கிலாந்தின் வின்செஸ்டர் பக்கம் பறந்துகொண்டிருந்த ஒரு ஹரிகேன் போர் விமானத்தின் கூண்டில் எதிரியின் குண்டு பாய்ந்தது. விமானி கார்டன் கிளீவர் அன்று பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. கூண்டுக்குப் பயன்படுத்தியிருந்த பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் நொறுங்கி இரண்டு கண்களிலும் ஏறியது. பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். ஒரு கண் போயிற்று. (அந்த விமானத்தை ஸ்பிட்ஃபயர் என்றே பலரும் எழுதுகிறார்கள். பெயரின் கவர்ச்சி அப்படி.)

மிஞ்சிய கண்ணைப் பல ஆண்டுகள் பார்த்துவந்தவர் லண்டன் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி. ஒரு தூசி விழுந்தாலே சிவந்து நீர் கொட்டுகிற உறுப்பு அது. ஆனால் உள்ளே கிடந்த பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகளை அது பொருட்படுத்தவே இல்லை. அந்தக் காலத்தில் கண்புரை அறுவை என்றால், மங்கிப்போன லென்ஸை எடுத்துவிடுவதோடு சரி. அதன் இடம் காலியாகவே இருக்கும். பிறகு ஆயுள் முழுக்கச் சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் உருவங்கள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். படிக்கட்டில் கால் வைக்கப் பயம். கழற்றினால் எதிரே நிற்பவர் முகம்கூட அடையாளம் தெரியாது. எடுத்ததற்குப் பதிலாக ஒன்றை வைக்க முடியாதா என்று ஒரு மாணவர் கேட்டது ரிட்லியின் மனத்தில் தைத்தது. எதனால் செய்வது என்பதற்கான விடை கிளீவரின் கண்ணில் ஏற்கெனவே இருந்தது.

ரேனர் நிறுவனம் லென்ஸைச் செய்து கொடுத்தது. 1949 நவம்பர் 29 அன்று, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், 45 வயதுப் பெண் ஒருவருக்கு ரிட்லி அதை முதன்முதலாக வைத்துப் பார்த்தார். நிலையாகப் பொருத்தியது 1950 பிப்ரவரியில். கண் ஏற்றுக்கொண்டது. கணக்குதான் பிசகியது. இயற்கை லென்ஸின் வளைவை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். பெர்ஸ்பெக்ஸோ ஒளியைக் கூடுதலாக வளைக்கும். அந்தப் பெண்ணுக்குச் சுமார் 20 டயாப்டர் கிட்டப்பார்வை வந்துவிட்டது.

போதிய காலம் பொறுத்துப் பார்த்த பிறகே வெளியில் சொல்வதாக இருந்தார். அதற்குள் ஒரு நோயாளி, அதே பெயர் கொண்ட இன்னொரு ரிட்லியிடம் தவறுதலாகப் போய் நிற்க, அந்த மருத்துவர் கண்ணுக்குள் லென்ஸைப் பார்த்துவிட்டார். ரகசியம் உடைந்தது. 1951-ல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில் ரிட்லி தன் நோயாளிகளையே அழைத்துவந்து காட்டினார். பிரிட்டிஷ் கண் மருத்துவத்தின் பெரிய தலையான ஸ்டூவர்ட் டியூக்-எல்டர் அவர்களைப் பரிசோதிக்கவே மறுத்தார். எதிர்த்தவர்கள் எல்லாரையும் பொறாமைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. அந்த முதல் லென்ஸ்கள் கனமானவை. சில நழுவிக் கண்ணின் உட்குழிக்குள் விழுந்தன. வாதம் நியாயமானதுதான். ஆனால் நோயாளியைப் பார்க்கவே மாட்டேன் என்பதில் என்ன நியாயம்? அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த லென்ஸுக்கு ஒப்புதல் தந்தது 1981-ல்தான். கிளீவருக்கும் 1980-களில் மிஞ்சிய கண்ணில் புரை வந்தது. அவருக்கும் லென்ஸ் வைத்தார்கள்.

மருத்துவர்களின் தயக்கம் தீர்ந்ததும் விலை வந்து மறித்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. முகாம்களில் இலவசமாக அறுவை செய்துகொண்டவர்கள் அப்போதும் சோடாபுட்டியோடுதான் ஊர் திரும்பினார்கள். இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. அந்தத் தொகைக்கு ஓர் ஏழைக்கு ஆபரேஷனையே முடித்து அனுப்பலாம். 1992-ல் மதுரையிலேயே அரவிந்தின் லென்ஸ் தொழிற்கூடமாக ஆரோலேப் உருவானது. பிளாஸ்டிக்கைக் கடைந்து, மெருகேற்றி, இரண்டு மெல்லிய கால்களோடு 6 மில்லிமீட்டர் வட்டமாக லென்ஸ் தயாரானது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமத்து இளம்பெண்கள். விலை 10 டாலரை ஒட்டி இறங்கியது. பிறகு அதற்கும் கீழே. இந்தப் பொருளின் வரலாற்றில் ரிட்லியின் அறுவைக்கு இணையான நாள் அது என்பேன். ஆரோலேப் இருக்கும் மதுரை வீரபாஞ்சானிலிருந்து இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு லென்ஸ் போகிறது.

கண்ணுக்குள் போன பிறகு பழகிக்கொள்வது மனிதரின் பாடு. கட்டு அவிழ்த்ததும் பாட்டிகள் சொல்லும் முதல் புகார் வீட்டைப் பற்றித்தான்: சுவரெல்லாம் இவ்வளவு அழுக்கா, யாரும் துடைக்க மாட்டீர்களா? இரண்டாவது, கண்ணாடியில் தெரியும் தங்கள் சுருக்கங்களைப் பற்றி. வயதோடு மஞ்சளேறிய பழைய லென்ஸ் வழியாக இத்தனை நாள் பார்த்தவர்களுக்கு வெள்ளை வேட்டி நீலம் பாய்ந்ததுபோல் இருக்கும். அறுவை செய்யாத மற்ற கண்ணால் பார்த்தால் அதே வேட்டி பழுப்பு. சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து. தலைக்குக் குளிக்கக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. பேரப்பிள்ளைகளுக்குக் காவல் உத்தியோகம் கிடைத்துவிடும்.

பெரும்பாலோருக்கு வைப்பது தூரப் பார்வைக்கான ஒற்றைக் குவிய லென்ஸ். பஸ் பலகை தெரியும். ஊசியில் நூல் கோக்க, பேப்பர் படிக்க, கண்ணாடி வேண்டும். இதை முன்கூட்டியே யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் பாதி மனக்குறை வராது. சில ஆண்டுகள் கழித்து மறுபடி மங்கினால் “புரை திரும்ப வளர்ந்துவிட்டது” என்பார்கள். வளர்வதில்லை. லென்ஸைத் தாங்கும் பையின் பின்சவ்வு மங்குகிறது. யாக் லேசரால் சில நிமிடங்களில் அதில் ஒரு துளை போட்டால் தெளிந்துவிடும்.

லென்ஸுக்குக் காலாவதி கிடையாது. வைத்தவரோடு கடைசிவரை இருக்கும். லென்ஸ் வைத்தவர்கள் கண் தானம் செய்யலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். அடுத்தவருக்குப் பொருத்துவது முன்புறக் கருவிழியைத்தான்.